பித்தளையைச் சுண்டிப் பார்த்தவர்

காபியைக் குடிப்பதற்கு முன்னால் அவர் டம்ளரைச் சுண்டிப் பார்த்தார்.

என்னைப் பெண் பார்க்க வந்த கூட்டம் அது. ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்கள் வீட்டு முன்னறை. ஜமுக்காளம், பால்கோவா, காராச்சேவு எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன. நானும் தட்டோடு என் இடத்தில் நின்றேன். மாப்பிள்ளையின் அப்பா ஒரு டம்ளரை எடுத்தார். வாய்க்குக் கொண்டுபோகவில்லை, காதுக்குக் கொண்டுபோனார். நடுவிரல் நகத்தால் ஒரு சுண்டு.

"காபி கெடக்குல்ல, சத்தம் அமுங்குது" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, கொதிக்கிற காபியை ஒரே மடக்கில் உள்ளே தள்ளினார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. துடைத்துக்கொண்டு காலி டம்ளரை மறுபடி சுண்டினார்.

"அறுபத்தி மூணு, முப்பத்தி ஏழு" என்றார்.

என் அப்பா பதறிவிட்டார். "இல்ல அண்ணாச்சி, இருபத்தி நாலுதான். சர்ட்டிபிகேட் காட்டுதேன்."

"நான் டம்ளரச் சொன்னேன். செம்பு அறுபத்தி மூணு, துத்தநாகம் முப்பத்தி ஏழு. இப்ப வார தகட்டுப் பித்தள."

சுவரோரம் உட்கார்ந்திருந்த மாப்பிள்ளை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். தரையில் ஒன்றுமில்லை. அவருடைய அம்மா பால்கோவாவில் ஆழ்ந்திருந்தார், கணவர் பாத்திரம் சுண்டுவது அவருக்குப் பழகிப்போயிருக்க வேண்டும். நான் சிரிப்பை அடக்கப் படாத பாடு பட்டேன். அப்போது மாப்பிள்ளை மெல்லத் தன் டம்ளரை நகத்தால் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார்.

அவ்வளவுதான். கட்டினால் இவரைத்தான் என்று அந்த இடத்திலேயே முடிவு செய்துவிட்டேன். அந்த முடிவுக்கு ஒரு விளக்கு உலை வைக்கும் என்று அப்போது தெரியாது.

சென்ற இதழில், இராஜபாளையத்தில் காயத்துக்குக் கட்டுகிற காஸ் துணிக் கம்பெனியில் நான் பஞ்சைத் தண்ணீரில் மூழ்கடித்துச் சம்பளம் வாங்கிய கதையை எழுதியிருந்தேன். "பஞ்சு போதும், கல்யாணத்தைச் சொல்லுங்கள்" என்று ஒரு வாசகி சண்டைக்கு வந்திருக்கிறார். சொல்கிறேன் அம்மணி. ஆனால் அதற்குப் பித்தளையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும், நழுவ முடியாது.

மிலிட்டரிக்காரரும் இரும்புக் கடைக்காரரும்

டம்ளரைச் சுண்டியவர் பெயர் குருசாமி. இராஜபாளையத்தில் 'மிலிட்டரி குருசாமி' என்றால்தான் தெரியும். வடக்கே எங்கேயோ ஓர் ஆயுதக் கிடங்கில் ஸ்டோர் பொறுப்பில் இருந்து ஓய்வு பெற்றவர். பட்டாளத்தில் மற்றவர்கள் துப்பாக்கியைப் பிடித்தார்கள், இவர் தோட்டாக் கூடுகளை எண்ணினார். எண்ணி எண்ணி, பித்தளை என்றால் தன்னைக் கேட்காமல் உலகத்தில் யாரும் உருக்கியிருக்க முடியாது என்ற நிலைக்கு வந்திருந்தார்.

சுண்டிப் பார்த்துச் சதவீதம் சொல்ல எவராலும் முடியாது. சுத்தக் கப்சா. ஆனால் அவர் சொன்ன எண் தப்பில்லை, ஏனென்றால் கடையில் விற்ற தகட்டுப் பித்தளை எல்லாமே ஏறக்குறைய அந்தக் கணக்குத்தான். ஆட்டோவைக் காதால் கேட்டு மூன்று சக்கரம் என்று சொல்கிற வித்தை அது.

என் அப்பா தேரடி பக்கம் இரும்புக் கடை வைத்திருந்தார். ஆணி, தாழ்ப்பாள், பித்தளைக் குழாய். நாள் முழுக்கப் புதுப் பித்தளையை விற்றுவிட்டு, சாயங்காலம் வீட்டுக்கு வந்து புதுப் பித்தளையைத் திட்டுவார். "அந்தக் காலத்துல கலப்படம் ஏது? இப்ப எல்லாம் மண்ணு!" குழாய் வாங்க வந்தவரிடமே இதைச் சொல்லி விற்ற ஒரே வியாபாரி அவராகத்தான் இருப்பார்.

அப்பாவுக்கும் மிலிட்டரிக்கும் அன்று ஆரம்பத்தில் அரை மணி நேரம் நன்றாகத்தான் போனது. அப்பா தன் வம்சப் பெருமையை எடுத்து விட்டார். "எங்கப்பாரு கோவில் காரியஸ்தரு. எங்க வீடே கோவில் சோத்துலதான் வளந்துச்சு." மிலிட்டரி தலையாட்டினார். அத்தோடு நிறுத்தியிருக்கலாம்.

"டம்ளர விடுங்க அண்ணாச்சி. எங்க வீட்ல பித்தளைன்னா வெளக்கத்தான் பாக்கணும். நாயக்கர் காலத்துது. எம் மகளுக்குச் சீரா வரப்போறதே அதுதான்."

விளக்கும் நாமமும்

அந்த விளக்கைப் பற்றி எங்கள் தெருவுக்கே தெரியும், அப்பா தெரியப்படுத்தியிருந்தார். ஒரு முழ உயரம். பாதம், தண்டு, எண்ணெய் ஊற்றும் தகழி என்று மரை போட்டு மாட்டுகிற மூன்று துண்டுகள். அதன் மகிமை முழுக்கப் பாதத்தின் அடியில் இருந்தது. கவிழ்த்துப் பார்த்தால் மூன்று கோடுகள் ஒரு புள்ளியில் கூடும் ஒரு குறி. நாமம். பெருமாளின் நாமம் பொறித்த விளக்கு என்றால் கோவில் விளக்குத்தானே? கோவில் விளக்கு என்றால் நாயக்கர்கள் கொடுத்ததுதானே? அப்பாவின் சரித்திர ஆராய்ச்சி இப்படித்தான் போகும்.

குறியைச் சுற்றித் தேய்ந்த எழுத்துகளும் இருந்தன. கிரந்தம் என்று அப்பா முடிவு செய்திருந்தார். கொஞ்சம் கிரந்தம் தெரிந்த பக்கத்து வீட்டுக்காரர் ஒருமுறை லென்ஸ் வைத்து வெகுநேரம் பார்த்தார். "ஸ்ரீ மாதிரி இருக்கு" என்று சொல்லி வடையைச் சாப்பிட்டுவிட்டுப் போய்விட்டார்.

குத்துவிளக்கைப் பிறத்தியார் முன்னால் கவிழ்க்கக் கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம். துலக்கும்போது அம்மா மட்டும் கவிழ்ப்பாள். புரட்டாசி சனிக்கிழமை வந்தால் புளி போட்டுத் தேய்த்து, ஓரக் கோடுகள் இரண்டுக்கும் சந்தனம், நடுக் கோட்டுக்குக் குங்குமம் வைப்பாள். அப்பா எட்டி நின்று கன்னத்தில் போட்டுக்கொள்வார்.

அந்த விளக்கை மிலிட்டரி முன்னால் கொண்டுவந்து வைத்தோம். அவர் கும்பிடவில்லை. தண்டைச் சுண்டினார். பாதத்தைச் சுண்டினார். மறுபடி தண்டு, மறுபடி பாதம்.

"மேல ஒரு பித்தள, கீழ ஒரு பித்தள. பாதம் புதுசு அண்ணாச்சி. ஒட்டு வேல."

"எது ஒட்டு வேல?"

"வெளக்குதான்."

"அப்ப நான் பொய் சொல்லுதேனா?"

"நீங்க சொல்லல. வெளக்கு சொல்லுது."

அப்பாவின் மூக்கு நுனி சிவந்தது. எங்கள் வீட்டில் அது புயல் கூண்டு ஏற்றிய மாதிரி. "பரம்பரை வெளக்கப் பாத்து ஒட்டுன்னு சொன்னா, எங்க பரம்பரையே ஒட்டுன்னுதான அர்த்தம்?"

"வெளக்கு விசயத்துல அளக்குறவுக நாளைக்கு எல்லாத்துலயும் அளப்பாக. என் பயம் எனக்கு" என்றார் மிலிட்டரி. "பரிசோதன பண்ணிப் பாருங்க. அடுத்த வெள்ளிக்கெழம வாரேன். வெளக்கு நெசமாவே ஒரே பழசுன்னா நான் பேசுனது தப்பு, இந்த வாசல மிதிக்க எனக்கு யோக்கியத இல்ல."

"புதுசுன்னா எம் மகளக் கட்டிக் குடுக்க எனக்கு யோக்கியத இல்ல!" என்றார் அப்பா. "எதுக்கு வெளிய போவணும்? எம் மகளே கெமிஸ்ட். அவளே பாத்துச் சொல்லுவா."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பெண் பார்க்க வந்த இடத்தில் அதுவரை எனக்குப் பாடத் தெரியுமா, சமைக்கத் தெரியுமா என்று ஒருவரும் கேட்கவில்லை. விளக்குக்கு ரிப்போர்ட் கேட்டார்கள்.

வாசகர்களே, என் நிலைமையைப் பாருங்கள். விளக்கு பழசு என்று சொன்னால் மாப்பிள்ளையின் அப்பா வர மாட்டார். புதுசு என்று சொன்னால் என் அப்பா விட மாட்டார். எப்படிப் போனாலும் கல்யாணம் அம்பேல். அந்த இரண்டில் ஒன்றை நானே என் வாயால் சொல்ல வேண்டும்.

துத்தநாகம் ஓடிப்போகும்

இங்கே கொஞ்சம் ரசாயனம். பயப்பட வேண்டாம், பரீட்சை கிடையாது.

பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும் சேர்ந்தது. சேர்ப்பதுதான் தலைவலி. செம்பு உருகுகிற சூடு வருவதற்குள் துத்தநாகம் கொதித்து ஆவியாகி ஓடிவிடும். வரன் பார்க்க ஆரம்பித்ததுமே மெட்ராஸுக்கு ரயிலேறிவிடும் பையன்கள் உண்டல்லவா, அந்த ஜாதி.

ஆகவே முற்காலத்தில் உலகின் பல இடங்களில் ஒரு தந்திரம் செய்தார்கள். செம்புத் துண்டுகளையும் துத்தநாகக் கல்லையும் கரியையும் ஒரு மண்மூசையில் போட்டு வாயை அடைத்துச் சுட்டார்கள். ஓட வழியில்லாமல் ஆவி செம்புக்குள்ளேயே ஊறிவிடும். எவ்வளவு ஊறும் என்பது அடுப்பின் இஷ்டம். அந்த வழியில் நூற்றுக்கு முப்பதைத் தாண்டுவதே கஷ்டம். நம் நாட்டில் ராஜஸ்தானத்துப் பக்கம் அந்த ஆவியையே குளிரவைத்துத் துத்தநாகத்தைத் தனியாகப் பிடித்திருக்கிறார்கள். பெரிய கெட்டிக்காரத்தனம்.

ஆனால் ஊர்ப்பக்கம் விளக்கு வார்த்தவர் சுத்தமான உலோகத்துக்கு எங்கே போவார்? உடைந்த மணி, ஓட்டைக் குடம், நெளிந்த தாம்பாளம், எது கிடைத்ததோ அதை உருக்கினார். மணியோடு வெள்ளீயம் வந்தது. ஓட்டைக் குடத்தின் பற்றோடு காரீயம் வந்தது. எங்கிருந்தோ இரும்பும் வந்தது. அந்தக் காலத்துப் பித்தளை ஒரு கூட்டாஞ்சோறு. அதில் குறையும் இல்லை, ஈயம் சேர்ந்தால் வார்ப்பு நன்றாக ஓடும்.

கணக்குப் பார்த்து, மின்சாரத்தால் சுத்தம் செய்த செம்போடு சுத்தமான துத்தநாகத்தை நிறுத்துப் போடுவதெல்லாம் நவீன ஆலைகளின் வேலை. பாத்திரத் தகட்டுக்கு அறுபத்து மூன்றுக்கு முப்பத்தேழு. அப்பா விற்ற குழாய்க்கு அறுபதுக்கு நாற்பது அளவில் வைத்து, கடைசலுக்கு இளக்கமாக இருக்கக் கொஞ்சம் காரீயம். தோட்டாக் கூட்டுக்கு எழுபதுக்கு முப்பது, வேறு எதுவும் கலக்கக் கூடாது. கலந்தால் கூடு கிழியும்.

ஆக, பழசு சுத்தம், புதுசு கலப்படம் என்று ஊரே நம்பிக்கொண்டிருந்தது தலைகீழ். அந்த வருடங்களில்தான் எவர்சில்வர் மோகம் பிடித்து, தெருவில் வருகிற தள்ளுவண்டிக்காரரிடம் பெண்கள் பித்தளைக் குடங்களைப் போட்டு எவர்சில்வர் வாங்கினார்கள். "சுத்தமான பழைய பித்தளைய்யா, பாத்து எட போடு" என்று சொல்லித்தான் போட்டார்கள்.

பஞ்சுக்கு நடுவே பித்தளை

விளக்கின் உட்புறத்தில் அரத்தை வைத்ததும் அம்மா ஓடிவந்தாள்.

"ஏட்டி, வெளக்க ராவுறியா?"

"பொடி வேணும்மா. கண்ணுக்குத் தெரியாத எடத்துலதான் ராவுதேன்."

அம்மா பாதத்தை ஒரு பார்வை பார்த்தாள், என்னை ஒரு பார்வை பார்த்தாள். ஏதோ சொல்ல வந்து விழுங்கினாள். விளக்கு மேல் உள்ள பக்தி என்று நினைத்துக்கொண்டேன்.

தண்டின் பொடி ஒரு பொட்டலம், பாதத்தின் பொடி ஒரு பொட்டலம். இரண்டையும் சாப்பாட்டுக் கூடையில் வைத்துக்கொண்டு டவுன் பஸ் ஏறினேன்.

காஸ் கம்பெனி லேபில் என் வேலை கட்டுத்துணியையும் பஞ்சையும் சோதிப்பது. பஞ்சைத் தண்ணீரில் போட்டால் சட்டென்று மூழ்க வேண்டும், மிதந்தால் திருப்பி அனுப்ப வேண்டும். பித்தளைக்கு அங்கே வேலையில்லை. ஆனால் துணி வெளுக்கிற தொட்டியின் வலுவைப் பார்க்க வைத்திருந்த ஹைப்போவும் ஸ்டார்ச்சும் செம்பை அளக்கவும் உதவும். மேனேஜரிடம் கேட்டேன். "கம்பெனி ஆசிட்ல உன் கல்யாணம் நடக்கப் போகுதுன்னா பத்திரிகையில எம் பேரையும் போடு" என்றார்.

தண்டின் பொடியில் நைட்ரிக் ஆசிட்டை விட்டேன். பழுப்புப் புகை கிளம்பியது. அடங்கியதும் பார்த்தால் நீலத் திரவத்தின் அடியில் வெள்ளை வண்டல். வெள்ளீயம். தெளிவை வடித்துக் கந்தக அமிலம் விட்டேன், மறுபடி வெள்ளை. காரீயம். அமோனியா விட்டதும் பழுப்புத் துகள். இரும்பு. கூட்டாஞ்சோறேதான். அப்பா ஜெயித்தார்.

பாதத்தின் பொடிக்கும் அதே ஆசிட், அதே புகை. அடங்கியதும் சோதனைக் குழாயைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தேன். அடியில் ஒன்றுமே இல்லை. ஊருணித் தண்ணீர் மாதிரித் தெளிவு. செம்பை அளந்தேன். எழுபது. நம்பாமல் மறுபடி அளந்தேன். எழுபதேதான். மிலிட்டரியும் ஜெயித்தார்.

இரண்டு பேரும் ஜெயித்துவிட்டார்கள், நான் தோற்றுவிட்டேன். ஸ்டூலில் உட்கார்ந்து அழுதேன். ஆசிட் புகை என்று சொல்லிச் சமாளித்தேன்.

ஒரு டவுன் பஸ் பயணம்

அன்று சாயங்காலம் இராஜபாளையம் பஸ் ஸ்டாண்டில் மாப்பிள்ளை நின்றுகொண்டிருந்தார். பெயர் சேகர். ஒரு நூற்பாலையில் மெயின்டனன்ஸ் சூப்பர்வைசர்.

"தற்செயலா வந்தேங்க" என்றார்.

"ஒங்க மில்லு எந்தப் பக்கம்?"

"தென்காசி ரோட்டுல."

"வீடு?"

"அதுவும் அங்கதான்."

"ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸுக்கு நிக்கீங்க?"

"வண்டி ரிப்பேருங்க." ஊர் மெஷினையெல்லாம் ரிப்பேர் பார்க்கிறவர் சொல்கிற பேச்சா இது? நான் சிரித்துவிட்டேன்.

பஸ்ஸில் எனக்கு உட்கார இடம் கிடைத்தது. அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். ரிசல்ட்டைச் சொன்னேன். மேலே பழசு, கீழே எழுபதுக்கு முப்பது.

"அப்ப மாத்திச் சொல்லிருவீங்களா?"

"மாத்திச் சொல்ல மாட்டேங்க. மாத்திச் சொன்னா நாளைக்கு நான் பாக்குற பஞ்ச யாரு நம்புவா? எவனோ ஒருத்தன் புண்ணுல வைக்கிற பஞ்சு."

அவர் கம்பியில் கையை மாற்றிப் பிடித்தார். பிறகு, "எங்கப்பா அதப் பாத்துப் பயப்பட மாட்டாரு. அவருக்கு உள்ளதச் சொல்லுற ஆளுன்னா உசுரு. ஒங்கப்பா?" என்றார்.

"எங்கப்பாவுக்கு அவரு சொல்லுறதச் சொல்லுற ஆளுன்னா உசுரு."

அதுவரை காது கொடுத்தபடி டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்த கண்டக்டர், "எம்மா, ஏதாச்சும் ஒரு பக்கம் விட்டுக் குடுங்கம்மா. நல்ல பையனா தெரியுதான்" என்றார். பஸ்ஸே திரும்பிப் பார்த்தது.

எவர்சில்வர் டம்ளர்

வெள்ளிக்கிழமை மிலிட்டரி வந்தார். கூடச் சேகர் மட்டும். அப்பா வாங்க என்றார், ஆனால் சுவரைப் பார்த்துச் சொன்னார். நடுவில் ஒரு ஸ்டூல் போட்டு அதன்மேல் விளக்கை வைத்திருந்தோம். அம்மா இந்தமுறை காபியை எவர்சில்வர் டம்ளரில் கொண்டுவந்து, மிலிட்டரியின் முன்னால் ணங்கென்று வைத்தாள்.

"ரிசல்ட்டச் சொல்லுத்தா" என்றார் மிலிட்டரி.

கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டேன். "தண்டு பழசு. எந்தக் காலம்னு என்னால சொல்ல முடியாது. வெள்ளீயம் இருக்கு, காரீயம் இருக்கு, இரும்பு கூட இருக்கு."

அப்பாவின் முகம் விழுந்தது. "அம்புட்டுக் கலப்படமா? பாதம்?"

"பாதம் சுத்தம். செம்பு எழுபது, துத்தநாகம் முப்பது. வேற ஒண்ணுமே இல்ல."

அப்பா துள்ளி எழுந்தார். "பாத்தீகளா! பாதந்தான் சுத்தம்! அப்ப பாதந்தான் நாயக்கர் காலம், தண்டுதான் புதுசு!"

"இல்லப்பா. சுத்தமா இருந்தாத்தான் புதுசு."

"இதத்தான் காலேஜ்ல சொல்லிக் குடுத்தாகளா? இதுக்கா பீஸ் கெட்டுனேன்?"

மிலிட்டரி ஜெயித்த சந்தோஷத்தில் குதிப்பார் என்று பார்த்தேன். குதிக்கவில்லை. ஆள் அப்படியே அடங்கிப்போயிருந்தார். "எழுபது முப்பதா? சரியாவாத்தா?"

"சரியா மாமா." மாமா என்று வாய் தவறி வந்துவிட்டது.

"அந்தக் கணக்குல எவனும் வெளக்கு செய்ய மாட்டான். அண்ணாச்சி, பாதத்தத் திருப்புங்க."

"திருப்பக் கூடாது! நல்ல காரியம் பேசுற எடத்துல வெளக்கக் கவுக்குறதா?"

"செத்த நேரம் திருப்புங்க."

"முடியாதுய்யா!"

அம்மா முந்தானையில் கையைத் துடைத்தாள். நேராக வந்தாள். விளக்கை ஒரே திருப்பாகத் திருப்பி ஸ்டூலில் சாய்த்தாள். "போதும் ரெண்டு பேரும். பாருங்க."

மிலிட்டரி மூக்குக் கண்ணாடியை மாட்டினார். குனிந்தார். பாதத்தைக் கையால் பிடித்து அரை வட்டம் சுற்றி, மேலைக் கீழாக்கிப் பார்த்தார். பிறகு எழுந்து, இரண்டு குதிகாலும் சேர விறைப்பாக நின்றார்.

"ஸ்டோர் மார்க்கு" என்றார்.

"நாமம் அண்ணாச்சி அது."

"அம்பு அண்ணாச்சி. வெள்ளக்கார சர்க்காரு அம்பு. குண்டுலேர்ந்து சோத்துத் தட்டு வரைக்கும் இத அடிச்சுத்தான் அனுப்புவான். காலம் பூரா இதப் பாத்துத்தான் கையெழுத்துப் போட்டேன். இது பீரங்கிக் குண்டோட கூடு. அடித்தட்டு."

நானும் எட்டிப் பார்த்தேன். சுற்றிப் பார்த்தால் மூன்று கோடுகளும் மேலே கூடி அம்பாகிவிட்டன. இத்தனை வருடம் ஸ்ரீ என்று நாங்கள் கும்பிட்டது, தலைகீழாய் நின்ற ஓர் ஆங்கில எண்.

அப்பா பொத்தென்று உட்கார்ந்தார்.

"எனக்குத் தெரியும்" என்றாள் அம்மா.

"என்னட்டி தெரியும்?"

"குண்டுன்னு தெரியும். கல்யாணமாகி வந்த மொதப் புரட்டாசியிலயே அத்தை சொல்லிட்டாக. மாமா பர்மா சண்டைக்குப் போயிட்டு வரும்போது ஒரு காலிக் குண்டத் துணியில சுத்திக் கொண்டாந்தாகளாம். வந்து பாத்தா வெளக்குக்குப் பாதம் இல்ல. சின்னப் புள்ளையில நீங்க அதுமேல குதுர ஏறி ஒடச்சிருக்கீக. புள்ளைய யாரும் அடிக்கக் கூடாதுன்னு சொல்லி, மாமா அந்தக் குண்ட அறுத்துப் பாதமாப் போட்டுக் குடுத்தாகளாம்."

"அப்ப நாமம்?"

"நீங்கதான நாமம்னீக? நான் சொன்னேனா?"

"இத்தன வருசமாச் சந்தனம் வச்சியேட்டி!"

"வச்சேன். வெளக்குதான? எரியுதுல்ல?"

மிலிட்டரி மெதுவாகக் கேட்டார். "ஒங்கப்பா பட்டாளமா அண்ணாச்சி? கோவில் காரியஸ்தருன்னீகளே."

அப்பா தலையைக் குனிந்துகொண்டார். அம்மாதான் சொன்னாள். "பட்டாளத்துல கழுத மேய்ச்சாக. அதச் சொல்லக் கூச்சம் இவுகளுக்கு."

"கழுத இல்ல தங்கச்சி, கோவேறு கழுத" என்றார் மிலிட்டரி. இன்னும் விறைப்பாகத்தான் நின்றார். "பர்மாக் காட்டுல லாரி போகாது. அரிசி, மருந்து, குண்டு எல்லாம் அந்த முதுகுலதான் போச்சு. பக்கத்துல கயித்தப் புடிச்சு நடந்தவுகதான் மொதல்ல குண்டடி பட்டதும். நான் பத்தரமா கிடங்குக்குள்ள ஒக்காந்து எண்ணுனவன் அண்ணாச்சி. அன்னிக்கே இதச் சொல்லிருந்தா, டம்ளரச் சுண்டாம எந்திரிச்சு நின்னுருப்பனே."

அப்பா கையை நீட்டி அந்தப் பாதத்தைத் தொட்டார். அவருடைய அப்பா பர்மாவிலிருந்து வந்த கொஞ்ச நாளிலேயே காய்ச்சலில் போய்விட்டார் என்பது எனக்குத் தெரியும். முகம் கூட ஞாபகமில்லை, பூட்ஸ் சத்தம் மட்டும் ஞாபகம் என்று அப்பா ஒரே ஒருமுறை சொல்லியிருக்கிறார்.

மிலிட்டரி கனைத்துக்கொண்டு பழைய மிலிட்டரி ஆனார். "சரி. சர்க்காரு சாமான் ஸ்டோர்க்காரன்கிட்டதான் திரும்ப வரணும். வெளக்கு பொண்ணோட சீரா எங்க வீட்டுக்கு வந்துரட்டும். நாள் பாருங்க."

சேகர் நிமிர்ந்தார். நான் பெருமாளைக் கும்பிட்டேன். அப்பாடா என்று மூச்சு விடுவதற்குள் அப்பா விளக்கை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"வெளக்கு வராது."

"என்ன அண்ணாச்சி, சீருன்னு நீங்கதான சொன்னீக?"

"நாயக்கர் வெளக்குன்னு நெனச்சுச் சொன்னேன். அத யாருக்கு வேணாலும் குடுத்திருப்பேன். இது எங்கப்பா எனக்காக அறுத்துப் போட்டது. அவுகளோடதுன்னு எங்கிட்ட வேற ஒண்ணும் இல்ல." இரண்டு கையாலும் சேர்த்துக் கட்டிக்கொண்டார். "வெளக்க மட்டும் கேக்காதீக அண்ணாச்சி. பொண்ண வேணும்னா கூட்டிட்டுப் போங்க."

"நல்லாருக்குய்யா நியாயம்!" என்றாள் அம்மா.

பெற்ற தகப்பனுக்கு ஒரு பீரங்கிக் குண்டைவிட நான் கீழாகப் போனேன். அவ்வளவு சந்தோஷமான அவமானம் என் ஆயுளில் வேறு நேர்ந்ததில்லை.

மிலிட்டரி அப்பாவைப் பார்த்தார், விளக்கைப் பார்த்தார், கடைசியாக என்னைப் பார்த்தார். "சரி அண்ணாச்சி. பொண்ணு போதும்" என்று உட்கார்ந்தார்.

சுவரோரம் சேகர் தன் டம்ளரை எடுத்தார். என்னைப் பார்த்துக்கொண்டே நகத்தால் ஒரு தட்டு. டொக்கென்றது.

மிலிட்டரி திரும்பாமலே சொன்னார். "எவர்சில்வருடா அது. அதுல ஒண்ணும் சொல்ல முடியாது. காபியக் குடி."